கிணற்று நீரும் கடல் நீரும்

சென்னிமலை, தறியோசை ஓயாத ஊர். மலைமேல் முருகன் கோயிலும், மலையடியில் போர்வை நெய்யும் தறிகளும் அவ்வூருக்குப் பெருமை தருவன. கடலோ அவ்வூரார்க்கு நெடுந்தொலைவு. அங்குச் சிறுவர் நீந்தப் பழகுவது தோட்டத்துக் கிணற்றில்தான். சுரைக்குடுக்கையை முதுகிற் கட்டிக்கொண்டு தொடங்கும் சிறுவன், சில நாளில் மேட்டிலிருந்தே குதிக்கும் துணிவு பெறுகிறான்.

அத்தகைய சிறுவன் ஒருவன் கோடை விடுமுறையில் தன் பாட்டனாருடன் சென்னைக்குச் சென்றான். பாட்டனார் ஐம்பதாண்டு தறியில் அமர்ந்தவர். ஈரோட்டில் இரவு இரயிலேறி விடியலில் சென்னையை அடைந்த இருவரும், மாலையில் மெரினாக் கடற்கரைக்குச் சென்றனர்.

1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் என்பவர், 1884ஆம் ஆண்டில் அங்கு உலாவுபாதை அமைத்து, அக்கடற்கரைக்கு மெரினா எனப் பெயரிட்டார். மணற்பரப்பில் பட்டம் விடுவோர் ஒருபால். சுண்டல் விற்போர் ஒருபால். குதிரையேறி மகிழும் குழந்தைகள் ஒருபால். கூட்டத்தைக் கண்ட பாட்டனார், 1959ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையைச் சுட்டி, “கண்ணு, நாம் பிரிய நேர்ந்தால் என்னைத் தேடி அலையாதே, இச்சிலையடியில் வந்து நில்” என்றார்.

நீரருகே சென்றதும் சிறுவன் சட்டையைக் கழற்றினான். “அப்பாரு, முப்பதடிக் கிணற்றில் மூழ்கி மண்ணெடுத்தவன் நான். அதோ, அவ்விடத்தில் அலை அடங்கியிருக்கிறது, சற்றே நீந்தி வருகிறேன்” என்றான்.

அருகே வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் விரைந்து வந்து அவன் கையைப் பற்றினார். “தம்பி, இங்குக் கடலில் குளிக்கத் தடையுண்டு. அலை அடங்கிய அவ்விடமே அஞ்சத்தக்கது. கரையில் வந்து மோதும் நீர் திரும்பிப் போக வழி வேண்டுமன்றோ? அவ்வழிதான் அது. அகப்பட்டவரை அந்நீரோட்டம் கடலுக்குள் இழுத்துச் செல்லும். கரையை நோக்கி எதிர்த்து நீந்துவோர் களைத்து மூழ்குவர். பதறாமல் மிதந்து, கையுயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாக நீந்தி விலகுவோர் பிழைக்கக்கூடும்” என்றார்.

பாட்டனார் உற்று நோக்கினார். வெண்ணுரை வரிசையின் நடுவே கருநிற இடைவெளி ஒன்று, பாவில் இழை அறுந்த இடம்போல் அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. அப்போது யாரோ எறிந்த பந்து ஒன்று அதில் விழுந்தது. சிறுவன் நூறு எண்ணுமுன் அது சிறு புள்ளியாயிற்று. அவன் வாய்பேசாது சட்டையை அணிந்துகொண்டான்.

மாணவர்களே! அவன் கற்ற நீச்சலில் குறையில்லை. அது எந்நீருக்கு உரியது என்பதை அறியாமையே குறை. நீரில் ஒருவர் தத்தளிக்கக் கண்டால், நீங்கள் குதித்துவிடாமல், கயிறோ மிதக்கும் பொருளோ எறிந்து, 112 என்னும் எண்ணுக்கு அழையுங்கள். ஆழமறியாமல் காலை விடாதே என்னும் பழமொழி, நீந்தத் தெரிந்தவர்க்கே முதலில் உரியது.