மில்லர்புரத்தில் ஒரு நன்னீர்த் தோட்டம்



தூத்துக்குடி என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது எது? முத்துக் குளிப்பும், உப்பளமும், துறைமுகமும் தோன்றும். வீட்டில் சிறுவர்கள் இருந்தால் மக்ரூன் பொட்டலமும் நினைவுக்கு வரும். நான் இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புவதோ இவற்றுள் எதனிடத்தும் அன்று. அந்நகரின் மேற்கே, பாளையங்கோட்டைச் சாலையில் அமைந்த மில்லர்புரத்தில், என் ராத்தாவின் வீட்டு மாடியறையில் இருக்கும் இரண்டடி நீளமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டியின் முன் சற்று நேரம் உங்களை அமர வைக்கப் போகிறேன்.

மேலப்பாளையத்திலிருந்து புறப்பட்டால் வல்லநாட்டில் தாமிரபரணியைக் கடக்க வேண்டும். பாலத்தின் மேல் பேருந்து செல்லும்போது சன்னலோரம் அமர்ந்து கீழே பாருங்கள். தூத்துக்குடி மாநகரின் குடிநீர் இங்கிருந்துதான் செல்கிறது. ஆற்றைத் தாண்டிய பின் நிலம் காய்ந்து, உடைமரங்கள் தலைகாட்டத் தொடங்கும். கடலை நெருங்க நெருங்கக் கிணற்று நீரும் உவர்க்கும். ஊரைச் சுற்றிலும் உப்பு விளையும் மண்ணல்லவா! இத்தகைய ஊரில் நன்னீர் மீன் வளர்ப்பது எளிதன்று என்பதை நான் நட்டப்பட்டே கற்றுக்கொண்டேன்.

முத்தின் ஊரில் நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் ராத்தாவின் மகள் பள்ளித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றாள். மருமகளுக்குப் பரிசாகக் கண்ணாடித் தொட்டி ஒன்றையும் எட்டுத் தங்கமீன்களையும் வாங்கிச் சென்றேன். அன்று மாலையே தொட்டியை நிரப்பினோம். அழகுக்காகக் கடற்கரை மணலைப் பரப்பினேன். மச்சானுடைய வாப்பா காலத்திலிருந்து அலமாரியில் கிடந்த பவளப்பாறைத் துண்டையும், கைநிறையச் சிப்பிகளையும் அதில் அடுக்கினேன். மீன்களை விட்டதும் குழந்தை கைதட்டி மகிழ்ந்தாள். ஐந்தாம் நாள் எட்டும் மிதந்தன.

"மாமா, கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், நமக்கு மீன் வளர்க்கத் தெரியவில்லையே!" என்று அவள் தொலைபேசியில் கேட்டபோது என்னிடம் விடையில்லை. ஒரு பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியிட்ட பெண்ணின் செய்தியை மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கண்ணாடிக்குள் அடைக்கப்பட்ட மீனும் தன் இரையைத் தானே தேடிக்கொள்ள இயலாது, தன் நீரைத் தானே தேர்ந்துகொள்ளவும் இயலாது. அது நம் கையிலுள்ள அமானிதம். அமானிதத்தை அறியாமையால் பாழாக்கினேன் என்ற உறுத்தல் எனக்கிருந்தது.

விடை அடுத்த வீட்டிலிருந்து கிடைத்தது. தூத்துக்குடியில் 1977-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மீன்வளக் கல்லூரி ஒன்று உண்டு. இன்று அது நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. அங்குப் பயின்ற இளைஞர் ஒருவர் அண்டை வீட்டில் இருந்தார். தொட்டியை ஒருமுறை பார்த்தவர், மூன்று தவறுகளைச் சுட்டிக் காட்டினார்.

முதலாவது, அவசரம். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அதனை ஒருவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் மீனுக்குக் கொடியவை. மூன்றாவது மிகுந்தாலன்றித் தீங்கு செய்யாது, செடிகளுக்கு அது உரமும் ஆகும். இந்நுண்ணுயிரிகள் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நானோ நான்கு மணி நேரங்கூடப் பொறுக்கவில்லை.

இரண்டாவது, சிப்பியும் பவளப்பாறையும். இவை சுண்ணாம்பால் ஆனவை. நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து அதன் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் கூட்டும். காரமும் வெப்பமும் ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். தூத்துக்குடியின் வெயிலைச் சொல்ல வேண்டுமா?

மூன்றாவது, தங்கமீன். அது மிகுதியாகத் தின்று மிகுதியாகக் கழிக்கும் இனம். ஐம்பது லிட்டர் நீரில் எட்டுத் தங்கமீன்கள் என்பது ஓர் அறையில் ஒரு திருமண வீட்டையே அடைப்பது போன்றது.

அவர் சொன்ன இன்னொரு செய்தி என்னைத் தலைகுனிய வைத்தது. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அதன் விளைவாகப் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிப் போயின. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். முத்துக் குளிப்பும் இக்கடலில் 1961-க்குப் பின் நடைபெறவில்லை. கடலின் செல்வம் எடுக்க எடுக்கக் குறையாதது என்று எண்ணியிருந்த ஊருக்கு இது கசப்பான பாடம். அழகுக்காகக்கூடக் கடலிலிருந்து ஒரு துண்டைக் கொணர்ந்து நம் தொட்டியில் வைக்கலாகாது என்பதை அன்று உணர்ந்தேன்.

மீனுக்கு முன்னே செடி

"இம்முறை மீனை மறந்துவிடுங்கள். முதலில் ஒரு தோட்டம் போடுங்கள்" என்றார் அவர். இது புதிய கருத்தன்று. 1850-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார், தங்கமீனையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ப்புல்லையும் நத்தையையும் ஒரே தொட்டியில் வைத்து, அவை ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை எடுத்துக் காட்டினார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி கொள்கிறது; ஒளியில் செடி விடும் பிராணவாயுவை மீன் கொள்கிறது; அழுகும் இலையை நத்தை தின்கிறது. செடி அம்மோனியாவையும் நேரே உறிஞ்சிக்கொள்ளும்.

வாசகர்களுள் விருப்பமுள்ளோர் பின்பற்றுவதற்காக, நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியில் ஏறத்தாழ ஐம்பது லிட்டர் நீர் கொள்ளும். நீரும் மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் ஒரு ஆள் எடை இருக்கும். எனவே உறுதியான மேசையில், நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெயில் பட்டால் கண்ணாடி முழுவதும் பாசி ஏறும்.

அடியில் இரண்டங்குல உயரத்திற்கு, நன்கு கழுவிய பொடிக் கூழாங்கல்லைப் பரப்புங்கள். கடல் மணல் கூடாது. அதில் சிப்பித் தூள் கலந்திருக்கும். ஐயமிருந்தால் கல்லின் மீது சிறிது வினிகரை விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், விலக்குங்கள்.

செடிகளுக்குத் தொலைவில் அலைய வேண்டியதில்லை. நம் குளங்களில் மண்டிக் கிடக்கும் வேலம்பாசி, நாட்டு மருந்துக் கடைகளில் பெயர்பெற்ற நீர்ப்பிரமி, ஆம்பலோடு வளரும் கொட்டி ஆகிய யாவும் தொட்டியில் வளரக்கூடியவை. வெளிநாட்டார் விலைகொடுத்து வாங்கும் செடிகள் சிலவற்றின் உறவினங்கள் நம் வயலோரத்திலேயே உள்ளன. கொணர்ந்தவற்றைப் பலமுறை அலசி, சில நாட்கள் வாளியில் தனியே வைத்திருந்து, பின் நடுங்கள். பூச்சிகளும் அட்டைகளும் உடன்வாராதிருக்க இது உதவும். வேர் உள்ளவற்றைக் கல்லில் ஊன்றுங்கள். வேலம்பாசியைக் கொத்தாகச் செருகினாலே போதும்.

குழாய் நீரில் குளோரின் இருக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு பகலும் இரவும் திறந்து வைத்தால் அது அகன்றுவிடும். தொட்டியை நிரப்பியபின் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் விளக்கு எரியட்டும். சிட்டிகை அளவு மீன் உணவை அவ்வப்போது போட்டு, நுண்ணுயிரிகளை வளர்த்து, ஒரு மாதம் காத்திருங்கள்.

இந்த ஒரு மாதம்தான் கடினமானது. மருமகள் நாள்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் வந்து, மீனில்லாத தொட்டியை உற்று நோக்குவாளாம். முதல் வாரத்தில் பழைய இலைகள் அழுகின. இரண்டாம் வாரம் நீர் பால்போல் கலங்கியது. மூன்றாம் வாரத்தில் தானே தெளிந்தது. நான்காம் வாரம் நீர்ப்பிரமியின் கணுக்களில் புதுத் தளிர் கண்டதாகச் சொன்னாள். அவள் குரலில் இருந்த மகிழ்ச்சி, மீன்களைக் கண்டு கைதட்டிய நாளில்கூட இருந்ததில்லை.

அதன் பின்னரே மீன். அவ்வூரின் கடின நீருக்கு ஏற்றவை கப்பியும் மோலியும். முதலில் மூன்று, பத்து நாட்கள் கழித்து நான்கு என ஏழே மீன்களை விட்டார்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே உணவு. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதுநீர் சேர்த்தல் வேண்டும். ஆவியாகிக் குறைந்ததற்கு ஈடாக நீர் ஊற்றினால் மட்டும் போதாது. ஆவியாவது நீர்தான், அதிலுள்ள உப்பு தங்கிவிடும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கசக்கினால் நுண்ணுயிரிகள் மாண்டுபோகும். எடுத்த தொட்டி நீரிலேயே அலச வேண்டும். அந்தப் பழைய நீரை ராத்தா கொட்டுவதில்லை. அவருடைய கறிவேப்பிலைச் செடிக்கும் மருதாணிக்கும் அது நல்ல உரம். குடத்து நீரை எண்ணிச் செலவிடும் ஊரில் ஒரு துளியும் வீணாகவில்லை.

வெள்ளம் வந்த நாள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை அக்கரையோர மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாநகரின் தெருக்கள் ஆறாயின. ராத்தா குடும்பத்தார் கீழ்த்தளத்துப் பொருள்களை மாடிக்கு ஏற்றினர். மின்சாரம் நின்றது. சூழ்ந்த நீரின் நடுவே குடிநீருக்குத் தவித்தனர். மனிதர்களின் பாடே பெரும்பாடாக இருக்கையில் மீன்களை யார் நினைப்பார்?

மருமகள் நினைத்தாள். மின்சாரம் இல்லையேல் காற்றுக்குழாயும் வடிகட்டியும் இயங்கா. அவள் தொட்டியைச் சன்னலின் வெளிச்சம் படுமாறு திருப்பி வைத்தாள். உணவை அடியோடு நிறுத்தினாள். வளர்ந்த மீன்கள் சில நாட்கள் பட்டினி தாங்கும், உணவில்லையேல் கழிவும் குறையும். இரவில் செடிகளும் மீன்களைப் போலவே பிராணவாயுவை உட்கொள்ளும் என்பதால், உறங்கும் முன்னும் சுபுஹுக்கு எழுந்த பின்னும் அகப்பையால் நீரை முகந்து மேலிருந்து ஊற்றிக் கொண்டிருந்தாள். மின்சாரம் மீண்டபோது ஏழு மீன்களும் உயிரோடிருந்தன. அத்தெருவிலேயே காற்றுக்குழாயை மட்டும் நம்பி நெருக்கமாக மீன் நிறைத்திருந்த பெரிய தொட்டியொன்றில் எதுவும் மிஞ்சவில்லை.

மழை ஓய்ந்தபின் நான் சென்றபோது, கீழ்த்தளத்துச் சுவரில் நீர் நின்ற கோடு காயாமல் இருந்தது. அலமாரியும் மெத்தைகளும் வீணாகியிருந்தன. ராத்தா அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் என்னை மாடிக்கு அழைத்துச் சென்று, "உன் மருமகள் காப்பாற்றியதைப் பார்" என்றார். பச்சை இலைகளின் ஊடே கருநிற மோலியொன்று குஞ்சுகளோடு நீந்திக் கொண்டிருந்தது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மீன்கள் பெருகினாலோ சலித்துப்போனாலோ ஆற்றிலும் குளத்திலும் விட்டுவிடாதீர்கள். அயல்நாட்டு மீனும் செடியும் நம் நீர்நிலைகளில் பரவினால், தாமிரபரணியில் காலங்காலமாக வாழும் இனங்கள் நலிவடையும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தொட்டி வைப்பதற்கு முன் ஒரு மாதம் பொறுத்திருக்கும் பாடத்தையும் உடன் கொடுங்கள். நம் பள்ளிவாசல்களின் ஹவுளில் கொசுப் புழுக்களைத் தின்பதற்கென்று மீன் வளர்த்த பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். எத்தனை மீன், எவ்வளவு நீர் என்னும் அளவு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

புறப்படும்போது மருமகள் ஈரத்துணியில் சுற்றிய நீர்ப்பிரமித் தண்டு நான்கை என் கையில் தந்தாள். "மாமா, முதலில் செடி. மீன் ஒரு மாதம் கழித்து" என்றாள். வல்லநாட்டுப் பாலத்தைக் கடக்கும்போது துணி காயாமலிருக்க அதில் சிறிது நீர் தெளித்துக்கொண்டேன்.