வாசலில் எரிவாயு... வீட்டுக்குள் மின்சாரம்! பெர்கன் நகரம் குளிரைச் சமாளிக்கும் கதை

நார்வேயின் மேற்குக் கரையில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது பெர்கன் நகரம். துறைமுகத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் வண்ண மரவீடுகளைப் படமெடுக்காமல் சுற்றுலாப் பயணிகள் திரும்புவதில்லை. 'பிரிகன்' எனப்படும் இந்தப் பகுதி, 1979-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஜெர்மானிய வணிகர்கள் இங்கே தங்கி உலர்மீன் வியாபாரம் செய்த காலத்தில், இந்த வீடுகளுக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்பது சட்டம். ஒரு பொறி பறந்தாலும் தெருவே சாம்பலாகிவிடும் என்ற பயம்தான் காரணம். சமைக்கவும் குளிர்காயவும் பின்பக்கம் தனியே கட்டிய பொதுக்கூடங்களுக்குத்தான் போக வேண்டும். தூக்கம் மட்டும் குளிர்ந்த அறையில்! அப்படியிருந்தும் 1702 தீ விபத்தில் இந்தப் பகுதி எரிந்துபோனது. பிறகு கட்டியவைதான் இன்று நாம் பார்க்கும் வீடுகள்.

இன்றும் பெர்கன் வீடுகளில் கேஸ் அடுப்பைப் பார்ப்பது அபூர்வம். ஆனால், எரிவாயுவுக்கு இங்கே பஞ்சமே இல்லை. கடலுக்கடியில் இருக்கும் 'ட்ரோல்' வயலின் எரிவாயு, நகருக்கு வடமேற்கே இருக்கும் கோல்ஸ்நெஸ் ஆலைக்கு வருகிறது. அங்கிருந்து குழாய்கள் வழியே ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்விடுகிறது. அதைக் கடலிலிருந்து எடுக்கும் 'ட்ரோல் ஏ' மேடைகூட, கரையிலிருந்து கேபிளில் போகும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது!

காரணம் மழை. பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் மலை ஏரிகளில் தேங்கி, குழாய்களில் இறங்கி, டர்பைன்களைச் சுழற்றுகிறது. நாட்டின் மின்சாரத்தில் சுமார் 90 சதவிகிதம் நீர்மின்சாரம். ட்ரோல் எரிவாயு 1996-ல் கரைக்கு வந்தபோது, வீடுகள் எப்போதோ மின்சாரத்துக்குப் பழகிவிட்டன. பாறையைக் குடைந்து வீடு வீடாகக் குழாய் பதிக்கும் செலவை ஏன் இழுத்துக்கொள்ள வேண்டும்? கட்டடங்களைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதற்கும் 2020-ல் தடை வந்துவிட்டது.

ஒரு வீடு, பல கருவிகள்

சாதாரண பெர்கன் வீடு ஒன்றுக்குள் நுழைந்து பார்ப்போம். கூடத்துச் சுவரில் ஏ.சி. போலவே ஒரு பெட்டி. அதுதான் ஹீட் பம்ப். ஏ.சி. வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும். இது வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வரும். சாதாரண ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஹீட் பம்ப், மிதமான குளிரில் மூன்று யூனிட் வரை தரும். கடற்கரை நகரமான பெர்கனில் ஜனவரியிலும் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலேதான் என்பதால், இந்த ஊருக்கு அது கச்சிதம். மைனஸ் 30 டிகிரிக்குப் போகும் உள்நாட்டு ஊர்களில் அதை மட்டுமே நம்ப முடியாது.

கதவை மூடிக்கொள்ளும் படுக்கையறைகளுக்குச் சுவரில் மாட்டும் மெல்லிய பேனல் ஹீட்டர். விலை குறைவு, ஆனால் மின்சாரத்தைக் குடிக்கும். குளியலறைத் தரையில் டைல்ஸுக்கு அடியில் கேபிள் ஓடுகிறது. வெறுங்காலுடன் நிற்க இதமாக இருக்கும்.

வெந்நீருக்கு, மூலையில் ஆளுயரத் தொட்டி. குழாயில் வரும் சில்லென்ற நீரை உடனுக்குடன் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர 15 கிலோவாட்டுக்கும் மேல் வேண்டும். அது வீட்டு இணைப்புக்குப் பெரும் சுமை. அதனால் 200 லிட்டர் தொட்டியில், 2 கிலோவாட் கருவி மெதுவாகச் சூடாக்குகிறது. 10 டிகிரி நீர் 70 டிகிரியாக 14 யூனிட், ஏழு மணி நேரம். சிக்கனம் என்று நினைத்துத் தொட்டியின் சூட்டைக் குறைத்து வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும்.

பில் வந்தபோது...

1980-களில் வட நார்வேயின் மீன் ஆலைகளில் வேலை செய்த ஈழத் தமிழர்கள் பலர், பின்னர் ஓஸ்லோ, பெர்கன் பக்கம் குடிவந்தார்கள். 2021 இறுதியில் மின்கட்டணம் எகிறியபோது, அடி விழுந்தது இந்தப் பக்கம்தான். தெற்கு நார்வே, ஐரோப்பிய மின்சந்தையுடன் கடலடி கேபிள்களால் இணைந்திருக்கிறது. அங்கே விலை ஏறினால் இங்கேயும் ஏறும். வடக்கே ட்ரோம்சோவில் அதே மின்சாரம் பல மடங்கு மலிவாகக் கிடைத்தது.

அந்த டிசம்பரிலேயே அரசு உதவித்தொகையை ஆரம்பித்தது. 2025 அக்டோபரிலிருந்து, விரும்பும் வீடுகளுக்கு வரி நீங்கலாக யூனிட்டுக்கு 40 ஓரே, அதாவது அரை குரோனருக்கும் குறைவான நிலையான விலையும் உண்டு. ஆனால், மின்கம்பிக்கான கட்டணம் தனி. எந்த மணி நேரத்தில் அதிகம் இழுத்தீர்கள் என்பதையும் அது கணக்கில் எடுக்கிறது. அடுப்பு, வெந்நீர்த் தொட்டி, கார் சார்ஜர் மூன்றும் ஒன்றாக ஓடினால் பில் கூடும். அதனால் தொட்டியை இரவில் சூடாக்க டைமர் வைக்கிறார்கள்.

அனுபவம் சொல்லிக்கொடுத்த வரிசை இதுதான்: முதலில் ஜன்னல் இடுக்குகளை அடைத்து, சுவருக்குள் வெப்பக்காப்பு. அடுத்து, நாள் முழுக்கப் புழங்கும் கூடத்துக்கு ஹீட் பம்ப். எப்போதாவது சூடு தேவைப்படும் அறைக்குப் பேனல் ஹீட்டர். வீட்டு ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற தொட்டி.

கடைசியாக ஒன்று. கரண்ட் போனால் இவை எல்லாமே நின்றுவிடும். அதனால்தான் பல வீடுகளின் கூடத்தில் இரும்பு விறகடுப்பும் இருக்கிறது. வெளியே தாழ்வாரத்தில், மழை படாத இடத்தில், குளிர்காலம் முழுமைக்குமான பிளந்த விறகு காய்ந்துகொண்டிருக்கிறது.