பித்தளை மூடி

மார்கழிக் குளிரில் ஏற்காட்டிலுள்ள மகள் வீட்டுக் கீசர் பழுதுபட்டது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்த இளைஞர் அதைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு கம்பியை உருவி என் கையில் கொடுத்தார். நடுவிலிருந்த இரும்பு மட்டும் எஞ்சியிருந்தது. அதன்மேல் அங்கங்கே வெண்சாம்பல் போன்ற பொருக்கு. "மெக்னீசியம் ராடுங்க ஐயா. சுத்தமா தேஞ்சுபோச்சு. இப்படியே விட்டா டேங்க் ஓட்டையாயிடும்" என்றார்.

கடலிலிருந்து இத்தனை தொலைவில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், என் பழைய தொழில் என்னைத் தேடி வந்துவிட்டது.

தூத்துக்குடியில் விசைப்படகு இயந்திரங்களைச் செப்பனிடும் பட்டறையில் இளமையைக் கழித்தவன் நான். இயந்திரத்தைச் சுற்றி வரும் நல்ல நீரை, குழாய்களின் வழியே ஓடும் கடல்நீர் குளிர்விக்கும். உப்புநீரில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு கிடந்தால் அதுவே ஒரு மின்கலம். எளிதில் அரிபடுவது கரைய, மற்றது பிழைக்கும். ஆகவே விரல் பருமனுள்ள துத்தநாகக் கட்டை ஒன்றைப் பித்தளை மூடியில் பொருத்தி, குளிர்விப்பானுக்குள் திருகி வைப்பார்கள். பாடநூல் இதனைத் தியாகப் பாதுகாப்பு என்கிறது. பட்டறையில் வெறும் 'ஜிங்க்'. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். அதன்மேல் வண்ணம் பூசலாகாது. மரையில் டெஃப்லான் நாடா சுற்றலாகாது, உலோகத்தோடு உலோகம் தொட வேண்டுமன்றோ! மாதக்கணக்கில் தேயாத ஜிங்க்கைக் கண்டு மகிழ்பவன் கற்றுக்குட்டி. அது வேலை செய்யவில்லை என்பதே பொருள்.

இம்முறையை 1824இல் ஹம்ப்ரி டேவி ஆங்கிலேயக் கடற்படைக்காக ஆராய்ந்தார். கப்பலின் அடியிலிருந்த செப்புத் தகடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளால் காக்கப்பட்டது. ஆனால் செம்பு கரைந்தால்தானே அதன் நஞ்சுக்கு அஞ்சிச் சிப்பியும் பாசியும் விலகும்? அவை அடர்ந்து பற்றிக் கப்பலின் வேகத்தைக் குறைக்கவே, கடற்படை அதைக் கைவிட்டது. ஒருமுறை மறையுரையில் குருவானவர் ஒருவர் இந்தத் துத்தநாகத்தை ஆண்டவரின் சிலுவைப் பலிக்கு உவமையாக்கினார். என் மனம் ஒப்பவில்லை. அவர் மனமுவந்து தம்மைக் கையளித்தவர், துத்தநாகத்துக்கு விருப்பமேது?

என் மனம் ஒப்பாததற்கு வேறொரு காரணமும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு படகின் ஜிங்க்கைப் பார்க்கும்படி எனக்குச் சொன்னார்கள். மூடி வெளியே பளிச்சென்று இருந்தது, நான் திறக்கவில்லை. பார்த்துவிட்டேன் என்றேன். மறுவாரம் குழாய் துளைபட்டு, இயந்திரம் கொதித்து நின்றது. மன்னார் வளைகுடாவில் ஓர் இரவு முழுதும் படகு அலைந்தது. மறுநாள் இன்னொரு படகு அதைக் கட்டியிழுத்து வந்தது. சூட்டுமானியைக் கவனிக்காமல் ஓட்டினார் என்று டிரைவர் அண்ணாச்சியை வேலையிலிருந்து நிறுத்தினார் உரிமையாளர். நான் வாய் திறக்கவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னேன், அவரிடம் சொல்லவில்லை.

நல்ல நீரில் துத்தநாகம் பொருக்குக் கட்டிச் செயலற்றுப் போகும். அதனால்தான் இங்கே மெக்னீசியம். சேலத்துக்கு அருகே, இம்மலையடிவாரத்தில் வெள்ளையாய்த் தெரியும் கரடுகளைச் சுண்ணாம்பு என்று எண்ணியே வெள்ளையர் பெயரிட்டனர். உண்மையில் அது மாக்னசைட், மெக்னீசியத்தின் கனிமம். மலையிறங்கும் பேருந்தில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டே ஊருக்குப் புறப்பட்டேன். ஆகஸ்ட் 5, பனிமய மாதா திருவிழா.

அண்ணாச்சி திண்ணையில் அமர்ந்திருந்தார். கண் பார்வை மங்கியிருந்தது. குரலை வைத்து அடையாளம் கண்டார். நான் தட்டுத் தடுமாறி நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும்லே" என்றார். "கரைக்கு வந்ததும் மூடியத் தொறந்து பாத்தேன். உள்ள ஒண்ணுமில்ல."

என்னால் பேச முடியவில்லை. உள்ளே திரும்பி, காப்பி கொண்டுவரச் சொன்னார். பின்பு கேட்டார்: "ஆமா, மலையில என்ன ஜிங்க் போடுதாவ?"

பையிலிருந்த தேய்ந்த கம்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நுனியிலிருந்து அடிவரை விரலால் தடவிப் பார்த்தார்.