ஊருக்குப் புறப்பட்டோம்

நெடும்பயணமும் வழித்தங்கலும் உல்லாசம் என்றெண்ணும் நண்பர்களே, 2020 மே மாதத்தில் நாங்கள் புறப்பட்ட கதையைக் கேளுங்கள். அப்போது நான் பள்ளி மாணவன். மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. ஏப்ரல் முதல் தேதி தாராவியிலும் நோய் தென்பட்டது. ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டரில் லட்சக்கணக்கானோர் வாழும் இடத்தில் விலகி நிற்பது எங்ஙனம்? கழிப்பறைக்கே வரிசையில் நிற்பவர்கள் நாங்கள்!

அனுமதிச் சீட்டு கிடைத்ததும் அப்பா வாடகை வேன் பேசினார். திருநெல்வேலி ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். வழியில் சாப்பாட்டுக் கடை ஒன்றும் கிடையாது. அம்மா ஸ்டவ், அரிசி, புளிக்காய்ச்சல், பாய், தார்ப்பாய் எல்லாம் கட்டினாள். ஆச்சி மட்டும் அசையவில்லை. முறுக்குச் சுற்றியே மூன்று பிள்ளைகளை வளர்த்த வீடு அது.

"ஊருக்குத்தானே ஆச்சி போறோம்?" என்றேன்.

"அப்போ இது ஊரு இல்லியாலே?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வீட்டு மராத்தி மாவுஷி சாவியை வாங்கிக்கொண்டு, சோள பாக்கரியைத் துணியில் முடிந்து தந்தாள்.

சாத்தாரா தாண்டி ஒரு மரத்தடியில் தார்ப்பாயைக் கட்டினோம். மும்பை வண்டி என்றறிந்து ஊரார் நெருங்கவில்லை. ஆயினும் ஒருவர் குடத்தில் தண்ணீரைத் தொலைவில் வைத்துவிட்டுப் போனார். நள்ளிரவில் ஆச்சி அப்பாவை எழுப்பி, "சாவியக் குடுத்தியா?" என்று கேட்டாள். மூன்று தரம் கேட்டாள்.