மூன்று புட்டிகளும் ஒரு தீர்ப்பும்

சென்ற சனிக்கிழமை மாலை, கெலுகோரிலுள்ள என் இல்லத்தில் மலிவான ஸ்பானியச் சிவப்புத் திராட்சை மது மூன்று புட்டிகளைத் துணியால் மூடி வைத்து, நண்பர் இருவருடன் சுவை பார்த்தேன்.

ரியோஹா வட்டாரத்துப் புட்டியில் ‘கிரியான்ஸா’ என்றிருப்பின், அது ஈராண்டு முதிர்ந்தது. அதில் ஓராண்டேனும் ஓக் மரப் பீப்பாயில் கிடந்தது என்று பொருள். ‘ரெஸெர்வா’ எனின் மூன்றாண்டு. எனினும் நாங்கள் மூவரும் முதலிடம் அளித்தது, மரம் படாத இளைய ‘கர்னாச்சா’வுக்கே! நமது வெப்பத்திற்கு, அரைமணி குளிர்ப்பெட்டியில் இருந்த அதன் பழமணமே இதமாயிருந்தது.

“தாங்கள் சுவை அறிந்தவர்!” என்றார் நண்பர். அச்சொல் என்னைச் சுட்டது.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தகப்பனாரும் சுவை அறிந்தவரே. தென்னங்கள் காலையில் இனித்து மாலைக்குள் புளிக்கும். இறக்கிய நேரத்தை ஒரே மடக்கில் சொல்லிவிடுவார். உலகம் அவரைக் குடிகாரர் என்றது.

கள்ளுக்குப் பரிந்து பேச நான் வரவில்லை. 1947-இல் கெடாத் தோட்டத் தொழிலாளர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தது நியாயமே. பிற்காலத்திலும், சம்பள நாளிரவில் அடுப்பெரியாத வீடு எங்களுடையது. ஆனால், அன்பர்களே, கள்ளுக்கு இழிவும் கண்ணாடிக் கோப்பைக்கு மரியாதையும் எந்த நீதி?

அப்போது என் மகன் கதவருகே நின்று என் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தான். அவ்வயதில் நானும் எண்ணியவன். மீதியை மூடி வைத்தேன்.