அம்மாவின் அந்நிய பாஷை

மதத்தை விட்ட பெண்ணிடம் இரண்டு தரப்பினர் வந்து பேசுகிறார்கள். இனி எதையும் நம்பாதே என்கிறது ஒரு தரப்பு. அந்தக் கடவுள் வேண்டாமென்றால் என்ன, நிலவு இருக்கிறது, சீட்டு இருக்கிறது, சக்தி இருக்கிறது என்கிறது இன்னொன்று. இரண்டு பக்கமும் எனக்குத் தோழிகள் உண்டு.

நான் திருநெல்வேலிப் பக்கத்துப் பெந்தெகொஸ்தே குடும்பத்தில் பிறந்தவள். நகை கிடையாது, பூ கிடையாது, சினிமா கிடையாது. 26 வயதில் சபையை விட்டேன். கடவுள் உண்டா இல்லையா என்று யோசித்து விடவில்லை. புருஷனிடம் அடிவாங்கி வீட்டுக்கு வந்த என் அக்காவுக்கு, "திரும்பிப் போ, கர்த்தர் அவனை மாற்றுவார்" என்று பாஸ்டர் தீர்க்கதரிசனம் சொன்னார். அவர் தன் யோசனையாகச் சொல்லியிருந்தால் அக்கா மறுத்திருப்பாள். கர்த்தரின் வாக்கு என்றார், போனாள். மூன்றாம் மாதம் கை முறிந்து திரும்பினாள். அதன் பிறகு நான் ஆராதனைக்குப் போகவில்லை.

சென்னைக்கு வந்து ஒரு பகுத்தறிவு வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன். மூச்சுவிட இடம் கிடைத்தது. ஒருநாள் என் அம்மா அந்நிய பாஷை பேசுவாள் என்று சொன்னதும் தோழர் ஒருவர் சிரித்தார். "அது ஹிஸ்டீரியா, தோழர்." கருப்பை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த நோய்ப்பெயர் அது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலே 1980இல் அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டது. தோழர் இன்னும் விடவில்லை.

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பீடி சுற்றி எங்களை வளர்த்தாள். அப்பா முன்னால் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முக்காட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் கூரைத் தகரம் அதிர எழும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில்தான் அந்நிய பாஷை பற்றிய நீண்ட விளக்கம் இருக்கிறது. பெண்கள் சபையில் பேசாமலிருக்க வேண்டும் என்ற கட்டளையும் அதே அதிகாரத்தில்தான். எங்கள் சபையில் பெண் பிரசங்கிக்கக் கூடாது. யாருக்கும் புரியாத மொழியில் எவ்வளவு நேரமும் கதறலாம்.

அது பரிசுத்த ஆவியின் மொழி என்று நான் நம்பவில்லை. இதை ஆராய்ந்த மொழியியலாளர் வில்லியம் சமாரின், பேசுகிறவர் ஏற்கெனவே அறிந்த மொழிகளின் ஒலிகளே அதில் வருகின்றன என்று 1972இல் எழுதினார். அப்படியென்றால் அம்மா கதறியது தமிழின் ஒலிகளில்தான். சொல்லாக முடியாமல் போன தமிழ். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வராது.

இன்னொரு தரப்புக்கு வருகிறேன். தோழி ஒருத்தி எனக்காக டாரட் சீட்டு எடுத்தாள். படத்தைப் பார்த்துவிட்டு, "எதை விட்டுட்டு வந்ததுக்காக இன்னும் அழாம இருக்கே?" என்றாள். உடைந்து அழுதேன். இதில் அற்புதம் ஏதுமில்லை என்று எனக்குத் தெரியும். பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948இல் தன் மாணவர்கள் அனைவருக்கும் ஒரே குணவிவரத்தைக் கொடுத்தார். அது தங்களுக்கென்றே எழுதப்பட்டதாக நினைத்து, சராசரியாக ஐந்துக்கு நாலுக்கு மேல் மதிப்பெண் போட்டார்கள். ஆனாலும் சபையை விட்டதில் நான் இழந்தவையும் உண்டு, அந்தப் பாட்டுகள், பக்கத்தில் உட்கார்ந்த பெண்களின் கைச்சூடு என்று. அதைப் பற்றி அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அதே கூட்டத்தில் வேறொருத்தி, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் பெண்ணிடம், "கார்டு நிறுத்தச் சொல்லுது" என்றாள். எனக்குப் பாஸ்டரின் குரல் கேட்டது. அங்கேயே எழுந்து, டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே என்று அவளிடம் சொன்னேன்.

இப்போது யாராவது மறைபொருள் பேசினால், அது உண்மையா என்று கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை. இதை நான் மறுத்தால் என்ன ஆகும் என்றும் கேட்கிறேன். மறுத்துவிட்டு அதே பாயில் உட்கார்ந்து டீ குடிக்க முடியுமென்றால் சீட்டை எடு, பார்க்கலாம். மறுத்தால் பாவம், சாபம், சக்தி போய்விடும் என்றால், நான் விட்டுவந்த சபைதான் அது. பெயர்ப்பலகை மட்டும் வேறு.