கேட்டவர்களும் கூட வேண்டும்

இண்டஸ் கிரீட் இசைக்குழு 1997இல் கலைந்தது. 2010இல் மறுபடி சேர்ந்தது. 2012இல் ‘இவால்வ்’ ஆல்பம் வந்தது. அதற்கு முந்தைய ஆல்பம் வந்தது 1995இல். இரண்டுக்கும் நடுவே 17 ஆண்டுகள். அதற்குள் நான் எங்கள் ஊரான பிரம்மதேசத்தை விட்டு அம்பத்தூருக்கு வந்து, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆகிவிட்டேன். புது ஆல்பத்தை ஒரு ராத்திரி, வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். அருமையாக இருந்தது. ஆனால் “டேய், அந்த எடத்தத் திருப்பிப் போடு” என்று சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை. அத்தனை வருஷம் எதிர்பார்த்த குழு திரும்பி வந்த ராத்திரியில் என்னை வாட்டியது, கூட உட்கார்ந்து கேட்டவர்களின் நினைவுதான்.

இந்தக் குழு எங்களுக்குத் தெரிந்தது ராக் மெஷின் என்ற பழைய பெயரில். 1984இல் பம்பாயில் தொடங்கியவர்கள். நம் நாட்டு ராக் குழுக்கள் பெரும்பாலும் வெளிநாட்டார் பாட்டை மேடையில் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் தாங்களே பாட்டு எழுதி, 1988இல் ‘ராக் அண்ட் ரோல் ரெனகேட்’, 1990இல் ‘தி செகண்ட் கமிங்’ என்று இரண்டு ஆல்பம் கொண்டுவந்தார்கள். பாடியவர் உதய் பெனகல். கிட்டார் மகேஷ் டினைகர். கீபோர்டு ஜுபின் பாலபோரியா. 1993இல் பெயரை இண்டஸ் கிரீட் என்று மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு அவர்களுடைய ‘ப்ரெட்டி சைல்ட்’ வீடியோவுக்கு ஆசிய ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் எம்டிவி விருது கிடைத்தது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிற எங்கள் ஊருக்கு இந்தச் சத்தம் வந்து சேர்ந்தது ஒரு கேசட்டில். பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, பம்பாயில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். பொங்கலுக்கு வந்தபோது பெட்டியில் அது இருந்தது. எலெக்ட்ரிக் கிட்டார் எங்களுக்குப் புதிதில்லை. ‘சகலகலா வல்லவன்’ படம் வந்த 1982லிருந்து ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கோயில் தெரு மைக்செட்டில் இளையராஜாவின் கிட்டார் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. ஆனால் அங்கே பாட்டுக்கு நடுவே வந்து போகும் கிட்டார், இங்கே பாட்டு முழுக்க ஆண்டது. பாட்டின் வார்த்தைகளில் பாதி எங்களுக்குப் பிடிபடவில்லை. “இன்னாடா இது, தகரத்தப் போட்டு அடிக்கிற மாதிரி?” என்று பெரியம்மா கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே கேசட்டை என் கையில் கொடுத்துவிட்டார்.

வீட்டில் கேட்க முடியாது என்பதால் நானும் என் கூட்டாளிகளும் அதை உப்பளத்துக்குக் கொண்டுபோனோம். எங்களில் ஒருவனுடைய அப்பா மரக்காணத்தில் உப்பு வாரும் வேலை செய்தார். அந்த வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பாத்தியின் வெள்ளை கண்ணைப் பறிக்கும், காலின் வெடிப்பில் உப்புநீர் எரியும். அதனால் உச்சிப் பொழுதில் வரப்பில் ஆள் இருக்க மாட்டார்கள். பள்ளிக்கூட லீவு நாளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்த நேரம் பார்த்துத்தான் போவோம். சாக்குகள் அடுக்கிய கொட்டகையின் நிழலில் டேப் ரெக்கார்டரை வைத்து, சத்தத்தை முழுக்கத் திருப்பிவிடுவோம். சுவரில்லாத அந்த வெளியில் டிரம்ஸ் அடி கழுவெளி ஏரிப் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். உப்புக் காற்றில் பேட்டரி மாட்டும் ஸ்பிரிங் பச்சையாகப் பூத்துவிடும். அதைச் சுரண்டிவிட்டு மறுபடி போடுவோம்.

நாங்கள் கேட்ட விதத்தை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. யாரும் பிரித்துக் கொடுக்காமலே ஆளுக்கொரு வாத்தியத்தை எடுத்துக்கொண்டோம். ஒருவன் டிரம்ஸை மட்டும்தான் கேட்பான். எந்த அடி தள்ளி விழுந்தது, எங்கே சிம்பல் சத்தம் அடங்கவிடாமல் பிடித்தார்கள் என்று தொடையில் தட்டிக் காட்டுவான். இன்னொருவன் கிட்டாரை வாயாலேயே வாசிப்பான். உப்பளத்துக்காரர் மகனுக்கு பாஸ் கிட்டார். எங்கள் சின்ன டேப் ரெக்கார்டரில் அது சரியாகக் கேட்கவே கேட்காது. அவன் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்து, “வருது, இப்ப வருது” என்பான். நான் பாடும் குரலோடு போவேன். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவனும் தனக்குக் கேட்டதைச் சொல்லுவான். திரும்பப் போடும்போது அவன் சொன்னது எனக்கும் கேட்கும். எனக்கு இன்று கொஞ்சமாவது இசை கேட்கத் தெரிகிறது என்றால் அந்தக் காதுகளெல்லாம் எனக்குக் கொடுத்ததுதான்.

‘இவால்வ்’ ஆல்பத்தைத் தனியாகக் கேட்டபோது குறைந்தது அந்தக் காதுகள். உதய், மகேஷ், ஜுபின் மூவரும் பழையவர்கள். பாஸ் வாசித்த ருஷாத் மிஸ்திரியும் டிரம்ஸ் வாசித்த ஜெய் ரோ கவியும் மறுபடி கூடியபோது வந்த புதியவர்கள். அது குழுவின் நடையையே மாற்றியிருந்தது. 1988இன் துள்ளல் இதில் இல்லை. பாட்டுகள் கனமாக, நிதானமாக நகர்ந்தன. பெர்ல் ஜாம் குழுவின் ‘டென்’ ஆல்பத்துக்கு மிக்ஸிங் செய்த டிம் பால்மர்தான் இதற்கும் செய்தார். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகத் துலங்கியது. ‘ஃபயர்ஃப்ளைஸ்’ பாட்டில் உதய் தன் வயதோடு பாடினார், இளமைக் குரலைத் திருப்பிக் கொண்டுவர முயலவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இத்தனையையும் நான் தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடித்தேன். டிரம்ஸ்காரன் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் பாட்டிலேயே “ஆள் மாறிடுச்சுடா” என்றிருப்பான். ஸ்பீக்கரில் கை வைத்தவன் இப்போது கை வைக்காமலே பாஸைக் கேட்டிருப்பான். அவன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

குழுக்கள் திரும்பக் கூடுவது உலகத்தில் எத்தனையோ முறை நடந்திருக்கிறது. டீப் பர்ப்பிளின் புகழ்பெற்ற ஐவர் 1973இல் பிரிந்து, 1984இல் ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ ஆல்பத்தில் ஒன்றுசேர்ந்தார்கள். பிளாக் சாபத் 2013இல் ஓஸி ஆஸ்போர்னோடு ‘13’ ஆல்பம் செய்தது. ஆனால் பழைய டிரம்மர் பில் வார்ட் அதில் இல்லை. அந்தக் குறை தீர்ந்தது 2025 ஜூலை 5இல். பர்மிங்காம் நகரின் வில்லா பார்க் மைதானத்தில், அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே, நால்வரும் ஒரே மேடையில் கூடினார்கள். நிற்க முடியாத ஓஸி சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். ஜூலை 22இல் இறந்துபோனார். அந்தக் காட்சிகளைப் பார்த்தபோது என் கண் மேடையில் நிற்கவில்லை. நரைத்த தலையோடு தோளில் கைபோட்டு நின்ற ரசிகர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் ஒன்றாகக் கேட்டவர்கள் அங்கே ஒன்றாக வந்திருந்தார்கள். கூடுவது என்றால் அதுதான் முழுமை என்று எனக்குப் பட்டது.

எங்களை யாரும் பிரிக்கவில்லை, சண்டையும் இல்லை. ஐப்பசி மழையில் உப்புப் பாத்தி மூழ்கினால் தை, மாசி வரைக்கும் அந்த வேலை கிடையாது. அந்த மாதங்களில் வேறு பிழைப்புத் தேடிப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. உப்பளத்துக்காரர் மகன் திருப்பூர் போனான். கிட்டார்க்காரன் குவைத்தில் இருக்கிறான். டிரம்ஸ்காரன் உப்பு லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக ஒன்று வாங்கி, ஊரிலேயே இருக்கிறான். அண்ணன் பம்பாயிலேயே தங்கிவிட்டார். கல்யாணத்திலும் சாவிலும் ஒருவரை ஒருவர் பார்க்கிறோம். பிள்ளைகள் படிப்பு, சர்க்கரை, முட்டிவலி எல்லாம் பேசுகிறோம். பாட்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அது சின்ன வயசு விஷயம் என்று ஆளாளுக்கு முடிவு செய்துவிட்டோம் போலிருக்கிறது.

நான் அப்படி நினைக்கவில்லை. பசியோடும் பரீட்சைப் பயத்தோடும் இருந்த பையன்கள், ஒரு சத்தத்துக்குள் இன்னொருவனுக்கு என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ள அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படி “உனக்கு இன்னாடா கேட்டுச்சு?” என்று கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. ‘இவால்வ்’ ஆல்பத்தை அவர்களில் யாராவது கேட்டார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

வரும் பொங்கலுக்குக் குவைத்துக்காரன் லீவில் வருகிறான் என்று லாரிக்காரன் போன வாரம் போனில் சொன்னான். திருப்பூருக்கும் மும்பைக்கும் நான் பேசப்போகிறேன். காணும் பொங்கலன்று எல்லாரும் ஊரில் இருக்க வேண்டும், வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லப்போகிறேன். ஸ்பீக்கர் என் பொறுப்பு. முதல் பாட்டு முடிந்ததும் நான்தான் முதலில் கேட்பேன், டிரம்ஸ் எப்படிடா என்று.